அடுக்கியது ரோபோ கை, செதுக்கியது சிஎன்சி எந்திரம்: வாம்பெல்லர் உந்துவிசிறி, ஒரு நிகழ்வு ஆய்வு

2017ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இயங்கும் ராம்லேப் ஆய்வுக்கூடத்தில், ரோபோ கையின் நுனியில் வெல்டிங் டார்ச்சைப் பொருத்தி, 1,350 மி.மீ. விட்டமும் சுமார் 400 கிலோ எடையும் மூன்று இதழ்களும் கொண்ட ஒரு கப்பல் உந்துவிசிறி அடுக்கடுக்காக உருவாக்கப்பட்டது. வாம்பெல்லர் என்று பெயரிடப்பட்ட அந்த உந்துவிசிறியின் வடிவமைப்பு புரொமாரின் நிறுவனத்துடையது. கப்பல் கட்டும் டாமென், மென்பொருள் தந்த ஆட்டோடெஸ்க், கப்பல்களுக்குத் தரச்சான்று வழங்கும் பீரோ வெரித்தாஸ் ஆகியவை ராம்லேபுடன் சேர்ந்து இம்முயற்சியில் பங்கேற்றன. அவ்வாண்டின் இறுதியில் பீரோ வெரித்தாஸின் ஒப்புதல் பெற்று, டாமெனின் ஸ்டான் டக் 1606 வகை இழுவைக் கப்பல் ஒன்றில் பொருத்தப்பட்டு அது நீரில் சோதிக்கப்பட்டது.

இச்செய்தி பெரும்பாலும் ‘அச்சிடப்பட்ட உந்துவிசிறி’ என்ற தலைப்பிலேயே பேசப்பட்டது. தலைப்பு தவறில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. ரோபோ கையிலிருந்து இறங்கிய பொருளை அப்படியே கப்பலின் தண்டில் மாட்டிவிடவில்லை. அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஆட்டோடெஸ்க்கின் உற்பத்தி மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிஎன்சி மில்லிங் (கணினிக் கட்டளைப்படி, சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் சீவும் முறை) மூலம் இறுதி வடிவத்துக்கு வந்தது. ஒரே கை டார்ச்சையும் பிடிக்கலாம், வெட்டுக்கருவியைச் சுழற்றும் மில்லிங் ஸ்பிண்டிலையும் பிடிக்கலாம் என்று விற்பனைப் படங்கள் காட்டும் இக்காலத்தில், இரண்டு வேலைகளும் இங்கு ஏன் இரண்டு வகை எந்திரங்களுக்குப் பிரிந்தன என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வி. கருவி எவ்வளவு விசையுடன் எதிர்த்துத் தள்ளுகிறது என்பதில்தான் அதற்கான விடை இருக்கிறது என்று கருதுகிறேன்.

உந்துவிசிறியைத் தேர்ந்ததன் பொருத்தம்

வழக்கமாகக் கப்பல் உந்துவிசிறி மணல் அச்சில் வார்க்கப்படுகிறது. மரத்திலோ நுரையிலோ மாதிரி செய்து, அச்சு கட்டி, உருக்கிய உலோகத்தை ஊற்றி, குளிரவிட்டு, பிறகு மில்லிங், சாணை, மெருகு என்ற வரிசையில் வேலை நடக்கும். ஒரே வடிவத்தில் பல உந்துவிசிறிகள் தேவைப்படும்போது இந்த முறையை வெல்வது கடினம். ஒன்றே ஒன்று, அதுவும் உடைந்த ஒன்றுக்கு மாற்றாக விரைவில் வேண்டும் என்ற நிலையில்தான் மாதிரியும் அச்சும் சுமையாகின்றன. துறைமுகத்தை ஒட்டிய ஆய்வுக்கூடம் ஒன்று இந்தப் பொருளில் ஆர்வம் காட்டியதற்கு, கரையில் காத்துக் கிடக்கும் கப்பலுக்கு உதிரிபாகம் விரைவில் கிடைக்க வேண்டும் என்ற எளிய காரணமே போதும்.

வடிவமும் இதற்கு ஏற்றது. தண்டில் மாட்டும் நடுக்குடத்திலிருந்து கிளம்பி முறுக்கிக்கொண்டு செல்லும் இதழ்களைக் கொண்ட ஒரு பொருளை முழு உலோகக் கட்டியிலிருந்து செதுக்கினால் கட்டியின் பெரும்பகுதி சீவலாகவே வெளியேறும். இங்குப் பயன்பட்ட நிக்கல் அலுமினிய வெண்கலம் மலிவான உலோகமல்ல. கடல்நீரின் அரிப்பையும், இதழைச் சுற்றி உருவாகி வெடிக்கும் குமிழிகள் ஏற்படுத்தும் தேய்மானத்தையும் நன்கு தாங்குவதால்தான் உந்துவிசிறிக்கு அது விரும்பப்படுகிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும் அதை வைத்துக் கட்டுவது எண்ணிப் பார்க்கத்தக்க வழியே.

கை ஏன் அடுக்குவதற்குப் பொருந்தியது

இங்குப் பயன்பட்ட முறை, கம்பியையும் மின்வில்லையும் கொண்டு நடக்கும் பொருள்சேர் உற்பத்தி. அடிப்படையில் இது வெல்டிங்தான்: தொடர்ந்து ஊட்டப்படும் கம்பி மின்வில்லில் உருகி, முந்தைய அடுக்கின்மேல் ஒரு வரியாகப் படிகிறது. தூளை லேசரால் உருக்கும் பெட்டி எந்திரங்களோடு ஒப்பிட்டால் இதன் நுணுக்கம் குறைவு, வேகம் மிக அதிகம். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: 1.2 மி.மீ. விட்டமுள்ள வெண்கலக் கம்பியை நிமிடத்துக்கு 8 மீட்டர் வீதம் ஊட்டினால் மணிக்கு ஏறத்தாழ 4 கிலோ உலோகம் படியும். 400 கிலோவுக்கு மின்வில் மட்டும் 100 மணி நேரம் எரிய வேண்டும். செலவாகும் கம்பியின் நீளம் 46 கிலோமீட்டரைத் தாண்டும். ராட்டர்டாமில் பயன்படுத்திய ஊட்டு வேகம் இதுவே என்று இதற்குப் பொருளில்லை. வேலையின் அளவு மனத்தில் பதியவே இக்கணக்கைத் தருகிறேன்.

இந்த நெடுநேர வேலை முழுவதிலும் டார்ச்சுக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே தொடுதல் இல்லை. மின்வில் கையைத் திருப்பித் தள்ளுவதில்லை. கை சுமப்பது டார்ச்சின் எடையையும் பின்னால் இழுபடும் கேபிள்களின் இழுப்பையும் மட்டுமே. படியும் வரியின் அகலம் பல மில்லிமீட்டர், உயரம் சுமார் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் என்றிருக்கும்போது, நுனி கால் மில்லிமீட்டர் விலகினாலும் உருகிய குளம் அதைப் பெரும்பாலும் விழுங்கிக்கொள்ளும். ரோபோ கையின் குறை வெளிப்படாமல், அதன் எட்டும் தூரமும் எந்தக் கோணத்திலும் திரும்பும் திறனும் மட்டும் பயன்படும் வேலை இது. கார் தொழிற்சாலைகளில் கைகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வெல்டிங்கின் நீட்சி என்பதால், டார்ச்சும் மின்மூலமும் கட்டுப்பாட்டு இணைப்பும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. ராம்லேபில் வால்க் வெல்டிங் நிறுவனத்தின் வெல்டிங் அமைப்பே பயன்பட்டது.

அதனால் வேலை எளிது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உருகிய உலோகத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. செங்குத்துச் சுவரைக் கட்டுவது எளிது. சாய்ந்து செல்லும் இதழைக் கட்டும்போது ஒவ்வொரு அடுக்கும் முந்தையதிலிருந்து சற்று வெளியே தள்ளி நிற்க வேண்டும். டார்ச்சைச் சாய்ப்பது ஒரு வழி. சாய்ந்து சுழலும் மேசையில் பொருளைப் பொருத்தி, குளம் எப்போதும் மேல்நோக்கி இருக்குமாறு பொருளையே திருப்புவது மற்றொரு வழி. ஆறு அச்சுக் கையுடன் மேசையின் இரண்டு அச்சுகளும் சேர்ந்தால் எட்டு அச்சுகள் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். டார்ச் தன் அச்சைச் சுற்றி எப்படித் திரும்பி நின்றாலும் வெல்டிங் மாறாது என்பதால், ஒரே புள்ளியைக் கை எண்ணற்ற நிலைகளில் அடையலாம். அவற்றில் கேபிள் முறுக்கிக்கொள்ளாத, மணிக்கட்டின் இரண்டு அச்சுகள் ஒரே கோட்டில் வந்து கை திடீரெனத் திணறாத நிலையைத் தேர்வது மென்பொருளின் பொறுப்பு. அந்தத் திணறல் வெறும் இயக்கச் சிக்கலாக நிற்பதில்லை: டார்ச் ஒரு நொடி தயங்கினால் அங்கே உலோகம் கூடுதலாகக் குவியும், அடுத்த அடுக்கில் அந்த மேடு இன்னும் வளரும்.

வெப்பம் இதைவிடப் பெரிய தலைவலி. முதல் சில அடுக்குகளின் வெப்பம் அடித்தட்டுக்குள் விரைந்து இறங்கிவிடும். உயரம் கூடக்கூட வெப்பம் செல்ல மெல்லிய இதழைத் தவிர வேறு வழியில்லாமல் பொருள் சூடாகவே இருக்கும். குளம் அகன்று அடுக்கு தட்டையாகும். ஆகவே அடுக்குகளுக்கிடையே வெப்பநிலை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. மூன்று இதழ்கள் கொண்ட உந்துவிசிறியில் ஓர் இதழில் வேலை செய்துவிட்டு அது ஆறும் வரை அடுத்த இதழுக்குச் செல்ல வாய்ப்புண்டு; வடிவமே காத்திருப்பைக் குறைத்துத் தருகிறது. வரியின் தொடக்கத்தில் உலோகம் புடைத்தும் முடிவில் சரிந்தும் படிவதும் வெல்டிங் தொழிலில் பழகியவர்களுக்குத் தெரிந்ததே. முந்நூறு அடுக்குகளில் அது ஒரே இடத்தில் நிகழ்ந்தால் இதழின் ஓரம் சரிந்துவிடும். அதனால் தொடங்கும் இடங்களை மாற்றி மாற்றி அமைக்கிறார்கள், திசையையும் அடுக்குக்கு அடுக்கு மாற்றுகிறார்கள். குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே தங்கும் தகைவுகள் பொருளை வளைக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், அச்சிட்டு முடித்த வடிவமும் கணினியில் வரைந்த வடிவமும் மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடுவதில் வியப்பில்லை.

முதல் மாதிரி கற்றுத்தந்தது

முதலில் செய்த உந்துவிசிறி, 298 அடுக்குகளால் ஆனது, கப்பலுக்காகச் செய்யப்படவில்லை. காட்சிக்கும் கற்றலுக்குமான மாதிரி அது. அடுக்கிக் கட்டிய உலோகத்தின் வலிமை திசைக்குத் திசை வேறுபடக்கூடும் என்பதை டாமென் தரப்பினர் அப்போதே வெளிப்படையாகக் கூறினர். அடுக்கு செல்லும் திசையில் இழுத்துச் சோதித்த துண்டும், அடுக்குகளுக்குக் குறுக்கே இழுத்த துண்டும் ஒரே எண்ணைத் தர வேண்டியதில்லை. வார்ப்பில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் வார்ப்பு மெதுவாகக் குளிர்வதால் அதன் உள்ளமைப்பு பருமனாக இருக்கும், தடித்த பகுதிகளில் துளைகளும் சுருக்கக் குறைகளும் தங்கும். மின்வில்லில் படியும் வெண்கலம் விரைவாகக் குளிர்ந்து நுண்ணிய உள்ளமைப்பைப் பெறுகிறது. இரண்டுக்கும் தனித்தனி நிறைகுறைகள் உள்ளன. ஒன்றின் சோதனை அட்டவணையை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்தாள முடியாது.

இங்கேதான் பீரோ வெரித்தாஸின் பங்கு முக்கியமாகிறது. வார்ப்புச் சாலையில் ஒரே கொப்பரையிலிருந்து ஊற்றிய உலோகத்தில் ஒரு சோதனைத் துண்டை எடுத்தால் முழுப் பொருளுக்கும் அது சாட்சியாகலாம். அடுக்கிக் கட்டும்போது பொருளின் தரத்தை முடிவு செய்வது கம்பி, மின்னோட்டம், வேகம், அடுக்கிடை வெப்பம் ஆகிய யாவும் கலந்த செய்முறை. ஆகவே செய்முறைக்கே ஒப்புதல் பெற வேண்டியுள்ளது. அளவுகளை இடைவிடாமல் பதிவு செய்துவைக்கும் ரோபோ கூடம் இதில் மனிதக் கையால் செய்யும் வெல்டிங்கைவிட வலுவான ஆதாரத்தைத் தரும். வேகத்தைக் காட்டிலும் இந்தப் பதிவே இம்முறையின் பெரிய பலம் என்பது என் கருத்து.

அதே கையால் ஏன் செதுக்கவில்லை

இப்போது மில்லிங்கைப் பார்ப்போம். உந்துவிசிறியின் டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கப்படும் விலகலை) ஐ.எஸ்.ஓ. 484 என்ற பன்னாட்டுத் தரவிதி வகுக்கிறது; 0.8 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை விட்டமுள்ளவை அதன் இரண்டாம் பகுதிக்குள் வருகின்றன. மிக உயர்ந்த வகுப்பிலிருந்து சாதாரண வகுப்பு வரை, இதழின் தடிமன், சரிவு, மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றுக்கு அங்கே எல்லைகள் உண்டு. உயர் வகுப்பில் சொரசொரப்பு சில மைக்ரான்களுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். அடுக்கிக் கட்டிய பரப்பிலோ ஒவ்வொரு அடுக்கும் ஒரு மேடாக நிற்கிறது. ஆகவே எல்லாப் பக்கமும் சில மில்லிமீட்டர் கூடுதலாகக் கட்டி, பிறகு சீவி எடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் கூடுதல் உலோகத்தைச் சீவும்போது கட்டரின் பற்கள் பொருளைத் தாக்குகின்றன. பொருள் அதே விசையுடன் கட்டரைத் தள்ளுகிறது. ரோபோ கை என்பது ஆறு மூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள கியர் பெட்டி சிறிதளவு நெகிழ்கிறது. அந்த நெகிழ்வுகள் யாவும் நுனியில் வந்து சேர்கின்றன. கையை முழுதாக நீட்டி ஒரு குடத்தைத் தூக்கிப் பிடிப்பவர் உணரும் நடுக்கம்தான் இது. எந்திர ஆய்வுகளில் வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் எண்கள் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன: கையின் நுனியில் விறைப்பு, அதாவது நுனியை ஒரு மைக்ரான் விலக்கத் தேவையான விசை, 1 நியூட்டனுக்கும் குறைவு, சாதாரண சிஎன்சி எந்திரத்தில் 50 நியூட்டனுக்கும் மேல். மைக்ரானுக்கு 0.5 நியூட்டன் விறைப்புள்ள கையில் 500 நியூட்டன் வெட்டுவிசை விழுந்தால் நுனி 1 மி.மீ. விலகும், 50 நியூட்டன் விறைப்புள்ள எந்திரத்தில் அதே விசை 0.01 மி.மீ. மட்டுமே விலக்கும். ஐ.எஸ்.ஓ. 484இன் எல்லைகளுக்கு முன் அந்த 1 மி.மீ. மிகப் பெரியது.

விலகல் ஒரே அளவில் நின்றிருந்தால் மென்பொருளில் ஈடுகட்டலாம். கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விறைப்பு மாறுவதால் அதுவும் எளிதாகக் கைகூடுவதில்லை. கையை உடலருகே மடக்கி வைத்திருக்கும்போது ஓர் எண், நீட்டும்போது வேறோர் எண். ஒரே நிலையிலேயே ஒரு திசையில் தள்ளினால் ஒன்று, இன்னொரு திசையில் தள்ளினால் மற்றொன்று. இத்துடன் அதிர்வும் சேர்கிறது. கையின் உடல் மிகக் குறைந்த அதிர்வெண்களிலேயே, சுமார் 10 ஹெர்ட்ஸிலிருந்தே, ஆடத் தொடங்குகிறது. இரு திசைகளின் ஆட்டங்கள் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும்போது கட்டர் பரப்பைச் செதுக்காமல் கொத்தத் தொடங்கும். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர் உடனே ஊட்டு வேகத்தைக் குறைத்துவிடுவார். வழக்கமான மில்லிங் எந்திரத்தில் எழும் ஆட்டத்துக்குச் சுழல்வேகத்தை மாற்றித் தீர்வு காண முடியும். இந்தத் தாழ்ந்த அதிர்வெண் ஆட்டத்துக்கு ஊட்டும் திசையையோ கையின் நிலையையோ மாற்றுவதே பெரும்பாலும் பலன் தருகிறது.

மூட்டுகள் திசை திரும்பும்போது கியர்களின் இடைவெளி காரணமாக நுனி சற்றுத் தயங்குவதும் உண்டு. வெல்டிங்கில் யாரும் கவனிக்காத அந்தத் தயக்கம், வளைந்த இதழின் பரப்பில் ஒரு கோடாகத் தெரியும். ஒரே புள்ளிக்குத் திரும்பத் திரும்ப வருவதில் நடுத்தர அளவுக் கைகள் 0.05 மி.மீ. அளவில் துல்லியமானவை. விற்பனைத் தாளில் அச்சிடப்படுவது இந்த எண்தான். கணினி சொன்ன ஒரு புதிய புள்ளிக்கு முதன்முறையாகச் செல்வதில் அதே கை, அளவுத் திருத்தம் செய்யப்படாவிட்டால், ஒரு மில்லிமீட்டர் அளவில் தவறக்கூடும். மில்லிங் பாதையில் வரும் புள்ளிகள் அனைத்தும் புதியவையே.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், ராட்டர்டாமில் அடுக்கி பர்மிங்காமில் செதுக்கிய பிரிவினை சரியானதே. ஒரு பொருளை ஓர் எந்திரத்திலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றும்போது எழும் இடர்ப்பாடு மட்டும் மிச்சம் இருக்கிறது. அச்சிட்ட பொருளில் நேரான விளிம்போ தட்டையான முகமோ இல்லை. எதை அடிப்படையாக வைத்து அளவைத் தொடங்குவது? பொருளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, விரும்பும் வடிவம் அதற்குள் எல்லாப் பக்கமும் உலோகம் மிச்சமிருக்குமாறு எங்கே அமர்கிறது என்று கணித்து, அந்த இடத்திலிருந்து மில்லிங்கைத் தொடங்க வேண்டும். ஓர் இதழில் மூன்று மில்லிமீட்டர் மிச்சம், எதிர் இதழில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை என்று தெரியவந்தால் மீண்டும் டார்ச்சிடம்தான் திரும்ப வேண்டும். மெல்லிய இதழின் நுனியும் கட்டரின் கீழ் வளையும் என்பதால், எந்திரம் விறைப்பாக இருந்தால் மட்டும் போதாது. தாங்கிப் பிடிக்கும் பொருத்தும் சரியாக அமைய வேண்டும்.

கை செதுக்கத் தகுதியான இடங்கள்

ரோபோ கையால் மில்லிங் செய்யவே முடியாது என்று இதிலிருந்து முடிவுசெய்வது பிழை. நுரை, மரம், மெழுகு, பிசின் போன்றவற்றில் வெட்டுவிசை மிகக் குறைவு. படகு உடலுக்கான அச்சுகளையும் சிற்பங்களையும் கைகள் பல ஆண்டுகளாக நன்றாகச் செதுக்கி வருகின்றன. பிளாஸ்டிக் குருணையை உருக்கிப் பெரிய அச்சுகளை அடுக்கும் வேலையில், அடுக்கிய அதே கையிலேயே ஸ்பிண்டிலை மாட்டிப் பரப்பைச் சீராக்குவது நடைமுறைக்கு உகந்தது: பொருளை இறக்கவே தேவையில்லை, அடிப்படை அளவும் மாறுவதில்லை. விமானப் பாகங்களின் ஓரம் வெட்டுதல், துளையிடுதல் ஆகியவற்றில், மூட்டின் வெளிப்பக்கத்தில் என்கோடர் என்ற கோண அளவியை இரண்டாவதாகப் பொருத்தி, கியர் பெட்டிக்கு அப்பால் உண்மையில் மூட்டு எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் கைகள் பயன்படுகின்றன. தயக்கத்தையும் கியர் நெகிழ்வையும் அது பெருமளவு திருத்துகிறது. கையின் உடல் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆடுவதை அது மாற்றுவதில்லை.

வெண்கலத்திலும் எஃகிலும்கூட அடுக்குகளின் மேட்டைச் சாணை பிடிப்பது, ஓரப் பிசிறை நீக்குவது போன்ற இடைநிலை வேலைகளைக் கையிடம் தரலாம். அவற்றில் நிலையைவிட அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதே முக்கியம். நுனியில் நெகிழும் ஒரு தாங்கியை வேண்டுமென்றே பொருத்துகிறார்கள் என்பதால், கையின் இயல்பான நெகிழ்வு அங்கே பெரிய குறையாவதில்லை.

செதுக்காமல் விட்ட ஓர் எடுத்துக்காட்டு

ஆம்ஸ்டர்டாமில் எம்எக்ஸ்3டி நிறுவனம் ரோபோ கைகளால் துருப்பிடிக்காத எஃகில் அடுக்கிக் கட்டிய நடைபாலம் 2021ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. சுமார் 12 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் பரப்பில் அடுக்குகளின் வரிகள் அப்படியே விடப்பட்டன. பாலத்துக்கு நீரோட்டத்தோடு ஒத்துப்போகும் மழமழப்பு தேவையில்லை, எனவே மில்லிங் என்ற படியே பெரும்பாலும் எழவில்லை. அதற்குப் பதிலாக வேறு சுமை வந்தது: தடிமன் இடத்துக்கு இடம் மாறும் உலோகத்தின் உண்மையான தாங்குதிறனை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து நிறுவ வேண்டியிருந்தது, பாலத்தில் உணரிகளும் பொருத்தப்பட்டன. செதுக்கும் செலவு குறைந்த இடத்தில் நிரூபிக்கும் செலவு கூடியது.

உந்துவிசிறியில் பிந்தைய வளர்ச்சி எதிர்த்திசையில் சென்றது. பிரான்சின் நேவல் குரூப், ஒவ்வொன்றும் சுமார் 200 கிலோ எடையுள்ள ஐந்து இதழ்களை இதே கம்பி-மின்வில் முறையில் செய்து, 2.5 மீட்டர் அளவுள்ள உந்துவிசிறியாக இணைத்து, ஆந்த்ரோமெத் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பலில் பொருத்தியது. இதழ்களைத் தனித்தனியே செய்வதால் ஒவ்வோர் இதழையும் தாங்கிப் பிடிப்பதும் செதுக்குவதும் எளிதாகின்றன. ஓர் இதழ் பழுதானால் அதை மட்டும் மீண்டும் கட்டலாம்.

சோதனையும் அதற்குப் பிந்தைய கேள்வியும்

ஸ்டான் டக் 1606இல் பொருத்திய வாம்பெல்லரை வேகச் சோதனை, கரையில் கட்டி இழுக்கும் சோதனை, முழு முன்னோக்கு வேகத்திலிருந்து முழுப் பின்னோக்கு வேகத்துக்குத் திடீரென மாற்றும் நிறுத்தச் சோதனை ஆகியவற்றுக்கு உட்படுத்தினர். கடைசியாகச் சொன்னதே உந்துவிசிறி சந்திக்கும் மிகக் கடுமையான சுமை. எல்லாச் சோதனைகளிலும் அது வார்ப்பு உந்துவிசிறியைப் போலவே நடந்துகொண்டதாக டாமென் அறிவித்தது. வார்ப்பைவிடச் சிறந்தது என்று கூறாமல் அதற்கு இணையானது என்று மட்டும் கூறியதை நான் நேர்மையான கூற்றாக எடுத்துக்கொள்கிறேன். வடிவமைப்பு வார்ப்புக்காக வரையப்பட்டது, செயல்திறனில் புதிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இதே வேலையைத் தொடங்க எண்ணும் ஒரு பட்டறை முதலில் கேட்க வேண்டியது, கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதல்ல. இறுதிப் பரப்புக்கு என்ன டாலரன்ஸ் வேண்டும், அதை எட்டும்போது வெட்டுவிசை எவ்வளவு எழும் என்பதே. விசை சில பத்து நியூட்டன்களுக்குள் அடங்கி, டாலரன்ஸ் அரை மில்லிமீட்டர் அளவில் தளர்வாக இருந்தால் ஒரே கூடத்தில் ஒரே கை இரண்டையும் செய்யலாம். உலோகத்தில் நூறு நியூட்டன்களைத் தாண்டி, டாலரன்ஸ் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் செதுக்கும் வேலைக்குத் தனி எந்திரம் வேண்டும். அதன் மேசையில் பொருள் கொள்ளுமா என்பதையும் அடுக்கத் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டவற்றில் உந்துவிசிறியின் பொருத்து முகங்களையும் தண்டுத் துளையையும் மட்டும் சிஎன்சி எந்திரத்துக்கு அனுப்பி, இதழ்ப் பரப்பைக் கையின் சாணைக்கு விடும் கலப்பு வழி ஆராயத்தக்கது. குறைந்த வகுப்பு உந்துவிசிறிகளில் அது ஏற்புடையதாகலாம். அதற்கான செய்முறை ஒப்புதலை பீரோ வெரித்தாஸ் போன்ற வகைப்பாட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.